ஏரிக்கரைக் கசிவை மதகடியிலேயே சரிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏரி ஆயக்கட்டு விவசாயிகள்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: மண்கரையில் மதகை ஒட்டிய கசிவைக் கோடையிலேயே முறைப்படி அடைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஏரி 100 ஏக்கருக்கும் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலப்பரப்பு) உடையது. ஊராட்சி ஒன்றியப் பராமரிப்பில் உள்ளது. ஏரி பாதிக்கு மேல் நிரம்பினாலே மதகுக் குழாய் வெளிவரும் இடத்தை ஒட்டி, கரையின் வெளி அடிவாரத்தில் தண்ணீர் ஊறுகிறது. மண்கரை என்றால் ஓரளவு ஊறத்தான் செய்யும். தெளிந்த தண்ணீராக இருந்தால் இந்த மனுவுக்கே வேலையில்லை. ஆனால் வருவது செம்மண் கரைந்த தண்ணீர். ஊற்றுக்கண்ணைச் சுற்றி நுண்மணல் எறும்புப் புற்றுபோல் வளையமாகப் படிகிறது. கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

குழாயை ஒட்டி ரோலர் போகாது. அங்கே திமிசு (இடிகட்டை) போட்டுக் கையால்தான் மண்ணை இறுக்க வேண்டும். அது சரியாக நடக்காத இடத்தில் தண்ணீர் தடம் பிடித்துக்கொண்டது.

வெளிப்புறம் களிமண் கொட்டி அடைக்க வேண்டாம் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். சென்ற முறை அப்படிச் செய்ததில் ஊற்று சற்றுத் தள்ளிக் கிளம்பியதுதான் மிச்சம். போக வழியில்லாத தண்ணீர் கரைக்குள் தேங்கி, வெளிச்சரிவையே சரித்துவிடும். உட்புறம் தண்ணீரைத் தடுக்க வேண்டும். வெளிப்புறம் மண்ணைப் பிடித்து நிறுத்தித் தண்ணீரை மட்டும் விட வேண்டும்.

எனவே ஏரி வற்றும் ஏப்ரல், மே மாதங்களில் குழாயின் இரு பக்கமும் கரையை வெட்டித் திறந்து, களிப்பான மண்ணை அரையடி அடுக்குகளாகப் போட்டு இறுக்கித் தர வேண்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அந்த ஈரம்தான் பதம். வெட்டிய பழைய முகத்தைப் படிபடியாகச் செதுக்கி நனைத்த பிறகே புது மண் சேர்க்க வேண்டும். இல்லையேல் அந்தச் சந்திலேயே மறுபடி கசியும். வெளி அடிவாரத்தில் வடிகட்டியாக முதலில் மணல், அடுத்துச் சிறு ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி, கடைசியில் கருங்கல். வரிசை மாறினால் செலவு வீண்.

கரைமேல் உள்ள சீமைக்கருவேலத்தை வெட்டி மட்டும் விட்டால் வேர் மக்கித் துளையாகும். தூரோடு பெயர்த்து, குழியையும் இடித்து நிரப்ப வேண்டும். வண்டல் எடுக்க அனுமதி தரும்போது, கரையின் உள் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது என நிபந்தனை விதிக்கவும். அங்குள்ள களிமண் படிவு பெயர்ந்தால் அடி வழியாகக் கசியும்.

கோடியின் (ஏரி நிரம்பியதும் உபரி நீர் வெளியேறும் கலிங்கின்) மேல் மணல் மூட்டை அடுக்கிக் கூடுதலாகத் தண்ணீர் தேக்குவதை, யார் செய்தாலும், தடுக்க வேண்டும். கோடியில் போக வேண்டிய வெள்ளம் கரைமேல் வழிந்தால் மண்கரை தாங்காது. மதகு ஷட்டரின் திருகுத் தண்டும் துருப்பிடித்து, கடப்பாரை போட்டு நெம்பினால்தான் அசைகிறது. அதையும் இதே வேலையில் மாற்றித் தரவும்.

நம் மாவட்டத்தில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நல்ல மழை பிடித்துவிடுகிறது. ஆகவே பொறியாளரை உடனே அனுப்பி, ஏரியில் தண்ணீர் நிற்கும்போதே கசிவைப் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயிகள்

இணைப்பு: கசிவிடப் புகைப்படங்கள், கையொப்பப் பட்டியல்.