கணக்குப் பார்ப்பவரும் காணொளியை நம்புகிறார்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேவகோட்டையில் இருக்கும் எங்கள் பெரியப்பச்சி (பெரியப்பா), வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர், வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு நிமிடக் காணொளியை நம்பி, பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூக் கஷாயத்துக்கு மாறிவிட்டார் என்று சென்ற மாதம் அறிந்து கலங்கிப்போனேன். வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்) அவருடைய நாற்காலியருகே அந்தச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. கால் பெருவிரலில் ஆறாத புண். "வலியே இல்லையே" என்றார். சர்க்கரை கூடி நரம்பு மரத்துப்போனால் வலி தெரியாது என்பதுதான் இந்நோயின் கொடுமை.

அரசியலிலும் அவருக்கு இதே நிலைதான். கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால் தூர்ந்து கிடப்பதை நாள்தோறும் சொல்லி வருந்துபவர், 2024 மக்களவைத் தேர்தலில், வேட்பாளர் யார் என்றுகூடக் கேளாமல், தம் அப்பச்சி காலத்துச் சின்னத்துக்கே வாக்களித்தார். இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை (நன்கு படித்தவர்களிடமும் இதைக் கண்டிருக்கிறேன்). நம்பியதைக் கைவிடுவது தம் மக்களையே கைவிடுவதுபோல் மனிதருக்குத் தோன்றுகிறது போலும்.

பரிசோதனை அறிக்கையைக் காட்டி நான் வாதாடியபோது அவருடைய பிடிவாதம் கூடியதே தவிர குறையவில்லை. பேத்தி அருகில் அமர்ந்து, புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, "எனக்காக ஐயா" என்று மாத்திரையை நீட்டியதும் வாங்கிக்கொண்டார்.

கைப்பேசியில் பரவும் இத்தகைய மருத்துவச் செய்திகளுக்கு மருத்துவர்கள் விளக்கமளிக்கும் பகுதியொன்றைத் தங்கள் நாளிதழ் வாரந்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர், காரைக்குடி