தச்சுப் பாடம் ஈரத்தில் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தச்சு கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே டிரில்லிங் மெஷினைக் கொடுத்து, பிளைவுட்டில் பெட்டி செய்ய வைக்கும் வழக்கம் நம் நீலகிரி மலையிலும் வந்துவிட்டது. பிளைவுட் சுருங்குவது தெரியவே தெரியாது. அதிலேயே பழகிய கை, தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தைத் தொட்டதும் திணறுகிறது.

ஈரம் காயும்போது மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். குன்னூரில் மழைக்காலத்தில் இழைத்த ஓரடி அகலப் பலகை, கோவை வீட்டுக்குப் போனால் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வரை குறுகலாம். கதவுச் சட்டத்தின் காடியில் (பலகை செருகும் பள்ளத்தில்) ஃபெவிகால் ஊற்றி அதை இறுக்கியிருந்தால் நடுவில் வெடிக்கும். காடியில் ஒட்டாமல், இரு பக்கமும் சற்று இடம்விட்டுச் செருகினால் போதும்.

சில்வர் ஓக்கை டிசம்பர் கடைசியில் அறுத்து அடுக்கினால் ஏப்ரல் வரை வறண்ட காற்று கிடைக்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வரிசைகளுக்கு இடையே ஒன்றரை அடிக்கு ஒன்றாக அங்குலத் தடிமன் குச்சி வைத்து அடுக்கவும். மேல்வரிசைக் குச்சி கீழ்வரிசைக் குச்சிக்கு நேராக நிற்காவிட்டால் பலகை வளையும். அறுத்த அன்றே இரு நுனிகளிலும் பெயின்ட் பூசாவிட்டால் நுனி பிளக்கும். கூரை வேண்டும், பக்கவாட்டில் மறைப்பு கூடாது. ஓர் அங்குலத் தடிமன் காய ஓராண்டு என்பது பழைய கணக்கு.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்வதை நம்பவேண்டாம். நுனியிலிருந்து ஓரடி தள்ளி ஒரு துண்டு அறுத்து எடை போடுங்கள். 230 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மின் அடுப்பில் (ஓவனில்) 100 டிகிரியில், எடை மேலும் குறையாத வரை வைத்தபின் 200 கிராம் என்றால், ஈரம் 15 சதவீதம். மலையில் புழங்கும் சாமானுக்கு அது சரி, சமவெளிக்குப் போவதற்கு இன்னும் காயவேண்டும்.

கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மலிவாகக் கிடைக்கிறது என்று மேசைக்கு வாங்காதீர்கள். நார் முறுக்கிக்கொண்டு வளர்வதால் காய்ந்த பிறகும் திருகும். சில்வர் ஓக்கில் பூச்சி துளைக்கும், போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்புக் கொடுக்கும். எந்த மரமானாலும் அனுமதி பெற்று வெட்டியதா என்று ரசீது கேளுங்கள், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடப்பில் உள்ளது.

கைவேலையில் முதல் பாடம் உளி தீட்டுவது. 25 டிகிரியில் சாணை பிடித்து, முனையை மட்டும் 30 டிகிரியில் கல்லில் தேய்க்கவும். மயிர் மழிக்கும் கூர் வராவிட்டால் கழுந்து (துளையில் செருகும் முனை) வெட்டும்போது நார் பிய்யும். கழுந்தின் தடிமன் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு. ரம்பம் கோட்டின் மேலே ஓடக்கூடாது, கழிவுப் பக்கம் ஓடவேண்டும். கோட்டிலேயே அறுப்பதால்தான் கழுந்து தொளதொளக்கிறது.

ஊட்டியில் ஜனவரி இரவில் ஒட்டிய மூட்டு விட்டுப்போனால் பசையைக் குறை சொல்வார்கள். பத்து டிகிரிக்குக் கீழே வெள்ளைப் பசை சுண்ணாம்புபோல வெளுத்துப் பிடிக்காது. நண்பகலில் ஒட்டி, மறுநாள் வரை கிளாம்ப்பை எடுக்காதிருங்கள்.

வாசகர்,
கோத்தகிரி