அந்தச் செம்மஞ்சள் புள்ளி உங்கள் காரின் கறள் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் வாகனப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார், பனிக்காலம் முடிந்து காரைக் கழுவிப் பார்த்தால் வெள்ளைப் பெயின்ற் முழுக்கச் சின்னச் சின்னச் செம்மஞ்சள் புள்ளிகளாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று. கார் கறள் பிடிக்கத் தொடங்கிவிட்டது, பெயின்ற் அடிக்கிற இடத்தில் காட்டுங்கள், அதுவரை பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். பதிலின் இரண்டு பாதியும் பிழை. முதல் பாதியால் காசு போகும், இரண்டாம் பாதியால் பெயின்றே போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் புள்ளிகள் எங்கே அதிகம் என்று ஒருமுறை பாருங்கள். கதவின் கீழ்ப்பாதி, சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள பகுதி, பின் பம்பர். இப்போது ஓடுகிற கார்களில் பம்பரின் வெளித்தோல் பிளாஸ்ரிக். பிளாஸ்ரிக் எப்படிக் கறள் பிடிக்கும்? போர்ட் எஃப்-150 பிக்கப்பின் உடம்பு 2015 மாடலிலிருந்து அலுமினியம், வெள்ளை நிறத்தில் வாங்கியவர்கள் அதிலும் இதே புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள். 2024 தொடக்கத்தில் ரெஸ்லாவின் சைபர்ட்ரக் வாங்கிய சிலர், பெயின்றே இல்லாத துருப்பிடிக்கா உருக்கு உடம்பில் செம்மஞ்சள் புள்ளி வந்துவிட்டது என்று சத்தம் போட்டார்கள், நினைவிருக்கலாம். அதற்கும் வந்த விளக்கம் இதுதான்: வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள் கறள் பிடிக்கிறது, கார் அல்ல.

அந்த இரும்பு வருவது பெரும்பாலும் பிறேக்கிலிருந்து. பிறேக் தட்டு வார்ப்பிரும்பு, பல பிறேக் பாட்களிலும் உருக்கு இழை கலந்திருக்கும். மிதிக்கிற ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சூட்டோடு பறந்து, உங்கள் காரிலும் பின்னால் வருகிறவர் காரிலும் மேற்பூச்சில் பதிந்து விடுகின்றன. பனிக்காலத்தில் இது மோசமாவதற்குக் காரணம் உப்பு. இரவு நிறுத்தி வைத்த காரின் பிறேக் தட்டில் உப்புத் தண்ணீர் பட்டு விடிவதற்குள் மெல்லிய கறள் படிந்துவிடும், காலையில் முதல் இரண்டு மூன்று மிதியில் அது சுரண்டப்பட்டுப் பறக்கும். 401 நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லொறி அடிக்கிற அழுக்குப் பனிச்சேற்றிலும் இதே துகள்தான். ஏற்கெனவே பதிந்திருப்பதையும் உப்பு சும்மா விடாது, கறளை இன்னும் வேகமாகப் பிடிக்க வைக்கும். குளிருக்குப் பயந்து நாங்கள் கார் கழுவாமல் விடுவதும் சேர்ந்துகொள்கிறது. கோ (GO) புறநகர் ரயில் நிலையங்களில் தண்டவாளத்தை ஒட்டி நாள் முழுக்கக் காரை நிறுத்துகிறவர்களுக்குப் பங்கு இன்னும் கூட, ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசினால் வருவதும் இரும்புத்தூள்தானே. புதுக் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பும்போது சிலவற்றின் பொனற்றில் வெள்ளைப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைத்தொலைபேசிக் கமெராவைப் பெரிதாக்கிப் புள்ளியைக் கிட்டப் பாருங்கள். நடுவில் கறுப்பாக ஊசி முனையளவு ஒன்று, சுற்றிவரச் செம்மஞ்சள் கறை. அந்தக் கறுப்புத்தான் துகள். கறுப்புக் கார்க்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் இருக்கிறது, தெரியவில்லை அவ்வளவுதான். கழுவிய காரின் மேல் மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவினால் மணல் தாளைத் தடவினதுபோல நறநறக்கும்.

சரி, எப்படி எடுப்பது? சவர்க்காரத்துக்கு இரும்பு கரையாது, அதனால் தானாகக் கழுவுகிற இடத்தில் எத்தனை தடவை விட்டாலும் புள்ளி அப்படியே இருக்கும். இதற்கென்றே வாகனச் சாமான் கடைகளில் அயன் றிமூவர் என்று ஸ்பிறே போத்தல் விற்கிறார்கள். பெரும்பாலானவற்றில் உள்ள சரக்கு தயோகிளைகோலேற் வகை உப்பு, சலூனில் முடி சுருட்டப் பயன்படுத்துகிறார்களே, அதே குடும்பம். மணமும் அப்படியே இருக்கும், கெட்ட முட்டை நாற்றம். அது கறளோடு சேர்ந்து தண்ணீரில் கரைகிற ஒரு பொருளாக மாறும், அதன் நிறம் கத்தரிப்பூச் சிவப்பு. முதல் தடவை அடிக்கிறவர்கள் கதவிலிருந்து சிவப்பாக வழிவதைப் பார்த்துப் பெயின்ற் கரைகிறது என்று பதறுவார்கள். பெயின்ற் அல்ல, இரும்புதான் கழன்று வருகிறது.

முதலில் காரை நன்றாகக் கழுவி உப்பையும் மண்ணையும் போக்க வேண்டும். தார்ப் புள்ளி இருந்தால் அதற்கான மருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும், தாருக்குக் கீழே இருக்கிற இரும்பை அயன் றிமூவர் தொடாது. அப்புறம் நிழலில், பெயின்ற் கையில் குளிர்ச்சியாகப் படும்போது, ஒவ்வொரு பக்கமாக அடித்து மூன்று நாலு நிமிடம் விட்டு (போத்தலில் போட்டிருக்கிற நேரமே கணக்கு), காயவிடாமல் தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவுங்கள். காய்ந்தால் கறை விழும். வெயிலிலும் சூடான பொனற்றிலும் வேண்டாம், ஓடி வந்த சூட்டோடு இருக்கிற பிறேக்கிலும் வேண்டாம். வெப்பநிலை 10 பாகையைத் தாண்டும்வரை பொறுத்தால் நல்லது, சித்திரையில் அப்படியொரு சனிக்கிழமை எப்படியும் கிடைக்கும். கையுறை கட்டாயம், கதவு பூட்டிய கராச்சுக்குள் அடிக்க வேண்டாம். பனிக்கால ரயரைக் கழற்றுகிற நாளிலேயே செய்தால் சக்கரத்தின் உள்பக்கத்தையும் ஒரே வேலையாக முடிக்கலாம், கூடுதல் சிவப்பு அங்கேதான் வழியும்.

இதற்குப் பிறகும் நறநறப்பு மிச்சமிருந்தால் மட்டும் கிளே பார், அதாவது பெயின்றில் ஒட்டியதை இழுத்தெடுக்கிற களிமண் போன்ற கட்டி. சிலர் எடுத்தவுடன் அதையே போட்டுத் தேய்க்கிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. அது துகளின் மேல்தலையை வெட்டிவிடும், பதிந்த அடி உள்ளேயே நின்று திரும்பக் கறள் கக்கும், இழுபட்டு வருகிற துகளோ பெயின்றைக் கீறும். மருந்தால் முக்கால்வாசி போன பிறகு, வழுக்குகிற திரவம் தாராளமாக அடித்து, அழுத்தாமல் ஓட்டினால் போதும். நிலத்தில் விழுந்த துண்டைத் திரும்ப எடுக்காதீர்கள், குப்பையில் போடுங்கள். முடிந்ததும் மெழுகோ சீலன்றோ பூசுங்கள். இதையெல்லாம் செய்யாமல் மெழுகை மட்டும் பூசினால் இரும்பை மூடி வைத்த கணக்கு.

தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். தெருவோரக் கம்பிமூடி வழியே போகிற தண்ணீர் சுத்திகரிப்பு இல்லாமல் ஓடைக்குப் போகும், ஸ்காபரோவில் என்றால் ஹைலண்ட் கிறீக், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரி. காசு போட்டு நாங்களே கழுவுகிற இடங்களில், சொந்த மருந்து அடிக்கலாமா என்று கேட்டுவிட்டுச் செய்வது மேல்.

உண்மையான கறள் வேறு மாதிரி இருக்கும். கல்லடி பட்ட பொனற் நுனி, சக்கர வளைவின் உதடு, கதவின் அடிவிளிம்பு, இங்கெல்லாம் பெயின்ற் கொப்பளித்து நிற்கும், நகம் வைத்தால் தடுக்கும். அயன் றிமூவர் அடித்த பிறகும் போகாமல் அந்த இடம் மேடாக இருந்தால் அது காரின் சொந்தக் கறள்தான், அதற்கு நீங்கள் சொன்ன பெயின்ற் கடை சரி. கறள் பிடிக்காமல் இருக்க ஆண்டுதோறும் அடித்தட்டுக்கு அடிக்கிற எண்ணெயும் நல்லதுதான், ஆனால் கதவுப் புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இந்தப் புள்ளிகளைக் காட்டியே ஒரு கடையில் இரண்டு கதவுக்கும் பெயின்ற் அடிக்க விலை சொல்லியிருக்கிறார்கள். ஒரு போத்தல் மருந்தில் போகிற விஷயம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது. இடம் குறைவென்றால் அந்தப் பச்சைப் பஞ்சால் தேய்க்க வேண்டாம் என்ற ஒரு வரியையாவது போடுங்கள். அதில் இருப்பது உரசும் தூள், இந்த வார இறுதியில் வெயில் என்கிறார்கள், யாராவது வாளியோடு இறங்கிவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ