பழைய பந்தய மோட்டார் சைக்கிளும் பொதுச்சாலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பந்தய மோட்டார் சைக்கிள்களைப் பொதுச்சாலையில் ஓட்டுவதை அடியோடு தடை செய்து, அவற்றைக் காட்சிக்கூடங்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சென்ற மாதம் தங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். காவடித் திருநாளன்று காலையில் கோயிலுக்கு அருகே சைலன்சர் இல்லாத வண்டியொன்றை ஓர் இளைஞர் உறுமவிட்டதையும், காவடி சுமந்து வந்தவர்கள் திடுக்கிட்டு நின்றதையும் படித்தபோது எனக்கும் வேதனையாகவே இருந்தது. அந்த வண்டி அன்று சாலைக்கு வந்திருக்கவே கூடாது. அதற்குச் சைலன்சர் இல்லை, விளக்கு இல்லை, எண்பலகை இல்லை, ஆண்டுதோறும் புதுப்பித்து வண்டியில் ஒட்ட வேண்டிய உரிம வில்லையும் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் இவை அனைத்தையும் பெற்று, தகுதிச் சோதனையில் தேறி, தன் சொந்த எண்ணிலேயே பதிவாகியிருக்கும் ஒரு பந்தய வண்டியையும் இதோடு சேர்த்து விரட்டுவது நியாயமாகாது என்பதை, அப்படிப்பட்ட வண்டியொன்றை வைத்திருப்பவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் வசிப்பவன். கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வண்டி ஏ.ஜே.எஸ். 7ஆர் என்னும் 350 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி. 1948 முதல் 1963 வரை இங்கிலாந்தில் பந்தயத்துக்கென்றே செய்து விற்கப்பட்ட வகை அது. 1974-இல் என் அண்ணன் அதைத் துண்டு துண்டாக நான்கு தேயிலைப் பெட்டிகளில் வாங்கி வந்தார். இரண்டு ஸ்ட்ரோக் யமஹா வண்டிகள் வந்துவிட்டபின் இந்தப் பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளைப் பந்தயக்காரர்கள் சீந்தாத காலம் அது. ஆகவே ஒரு கார் மெக்கானிக்கின் சம்பளத்துக்கும் எட்டும் விலையில் கிடைத்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்த ராய் ஹெஸ்கெத் பந்தயத்தடத்துக்கு அண்ணனும் நானும் போவோம். நிறவெறிச் சட்டக் காலமாதலால், இந்தியர்களான நமக்கென்று ஒதுக்கிய பகுதியில் நின்று பார்ப்போம். அதே ஊரில் வளர்ந்த கார்க் பாலிங்டன் பின்னர் 1978, 1979 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 250 சிசி, 350 சிசி ஆகிய இரண்டு பிரிவுகளிலும் உலகப் பட்டம் வென்றார். அண்ணனுக்குத் தடத்தில் இறங்கி ஓட்ட ஒரு நாளும் வழி கிடைக்கவில்லை. அந்தத் தடமும் 1981-இல் மூடப்பட்டது. பெட்டிகள் எங்கள் வீட்டுக் கூரைக்கடியில் கிடந்தன. அண்ணன் காலமான பிறகு அவை என் கைக்கு வந்தன. இனி அந்த வண்டிக்கு ஓடுமிடம் என்று இருப்பது பொதுச்சாலை ஒன்றுதான் என்று அன்றே முடிவு செய்தேன்.

பந்தய வண்டியில் என்ன இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, கண்ணாடி இல்லை, பாட்டரி இல்லை, டைனமோ இல்லை. மேக்னெட்டோ தானே பொறியை உண்டாக்கிக்கொள்வதால் என்ஜினுக்கு மின்சாரம் வெளியிலிருந்து தேவைப்படுவதில்லை. உதைத்துக் கிளப்பும் மிதியும் கிடையாது. கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து எட்டு ஓடித் தள்ளி, இருக்கையில் விழுந்த கணத்தில் கிளட்சை விட வேண்டும். அதிலுள்ள பந்தயக் கார்புரேட்டருக்கு நின்ற இடத்தில் மெல்ல ஓடும் பழக்கமே இல்லை. நாம் ரோபோ என்று சொல்லும் போக்குவரத்து விளக்கில் சிவப்பு விழுந்ததும் என்ஜின் அணைந்துவிடும். பச்சை விழும்போது பின்னால் பத்து கார்கள் ஹாரன் அடிக்க, வயதானவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். முதல் கியரோ வேகமாகப் போவதற்கென்றே அமைந்தது. நெரிசலில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்தால், ஒரு மைல் போவதற்குள் அது கருகிவிடும்.

ஆகவே, பந்தய வண்டிக்கு எண்பலகை மாட்டிவிட்டால் அது சாலை வண்டியாகிவிடும் என்று நம் பிள்ளைகள் நினைப்பது தவறு. என் வண்டியில் அந்தக் கார்புரேட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, சாதாரணச் சாலை வண்டியின் கார்புரேட்டரைப் பொருத்தினேன். முன்பக்கப் பல்சக்கரத்தில் இரண்டு பல் குறைத்ததால் புறப்படுவது எளிதாயிற்று. நம் பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் 95 ஆக்டேன் பெட்ரோலில் என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காக, உச்சி தாழ்ந்த பிஸ்டனைப் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைத்தேன். மெகாஃபோன் என்னும் அந்த வாய் அகன்ற புகைக்குழாயின் வெளித்தோற்றத்தைத் தொடாமல், துளையிட்ட குழாயொன்றைக் கடைந்து, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்து உள்ளே செருகினேன். முதன்முறை அந்தக் குழாயோடு கிளப்பியபோது என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, ஓடுதா இல்லையா?” என்று கேட்டாள், அந்தக் கேள்வியைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

விளக்குக்கு ஒரு வழி கண்டோம். இந்நாட்டுச் சட்டப்படி மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு பகலிலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். டைனமோ பொருத்த இடமில்லாத வண்டியில், இருக்கைக்கடியில் சிறிய 12 வோல்ட் பாட்டரி ஒன்றை வைத்து, மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் எல்.இ.டி. விளக்குகளை மாட்டினால் மூன்று மணி நேரப் பயணத்துக்குத் தாராளமாகப் போதுகிறது. வீடு திரும்பியதும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். பிரேக் பிடித்தால் எரியும் பின்விளக்கு, ஹாரன், கண்ணாடி, சேறு தடுக்கும் தகடு, நல்ல வரிப்பள்ளமுள்ள சாலை டயர்கள் ஆகியவற்றுக்குப் பெரிய சிரமமில்லை. இவற்றுள் எதற்காகவும் வண்டியின் எலும்புக்கூடான சேஸிஸில் ஒரு துளைகூடப் போடவில்லை. எல்லாமே பட்டையால் இறுக்கிப் பிடித்தவை. நாளை யாரேனும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினால், ஒரு பகல் பொழுதும் இரண்டு ஸ்பானரும் போதும். இந்த ஒன்றை மட்டும் இளைஞர்கள் மறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய சேஸிஸில் போட்ட துளையை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

எண்ணெயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காலப் பந்தய வண்டிகளில் ஊற்றியது ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட எண்ணெய். அது சாதாரண என்ஜின் எண்ணெயோடு கலக்காது. ஓட்டாமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டால் உள்ளே பிசினாக இறுகிவிடும். ஆகவே முழுவதையும் கழற்றிக் கழுவிய பிறகே வேறு எண்ணெய்க்கு மாறினேன். பெட்டிகளைத் திறந்த அன்று என்ஜினின் அடிப்பாகத்திலிருந்து எழுந்த வாசனை, பிள்ளைப் பருவத்தில் பாட்டி எங்களை வரிசையாக நிற்க வைத்து, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய் வாசனை. அண்ணன் அருகில் நின்றதைப் போலிருந்தது.

இனி காகிதங்கள். எனக்கு வண்டியைக் கட்ட ஓராண்டும், பதிவு செய்ய இரண்டாண்டும் ஆயின. பந்தயத்துக்கென்றே விற்கப்பட்டதால் அதற்கு எந்தக் காலத்திலும் பதிவுப் புத்தகம் இருந்ததில்லை. என்னிடமிருந்தது விற்றவர் கையெழுத்திட்ட ஒரு பழைய ரசீது மட்டுமே. நல்லவேளையாக அதில் சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் எழுதி வாங்கும் அறிவு அண்ணனுக்கு இருந்தது. உரிமைக்கான உறுதிமொழிப் பத்திரம், எண்களைப் பார்த்துத் திருட்டு வண்டி அல்ல என்று காவல்துறை தரும் சான்று, எடைச் சான்று, அதன்பின் சாலைத்தகுதிச் சான்று, இறுதியாகப் பதிவு என்று என்னிடம் கேட்கப்பட்டது. சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோவதற்கும் தனியாகச் சில நாள் அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமல் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது.

இங்கேதான் என் மனக்குறை. ஒரு சோதனை நிலையத்தில் வண்டியை இறக்கக்கூட விடாமல், “இந்த மாடல் கம்ப்யூட்டரில் இல்லை ஐயா, இதைப் பதிவு செய்ய முடியாது” என்று திருப்பி அனுப்பினார்கள். ஐந்து முறை போனேன். ஐந்தாவது முறை மூத்த அலுவலர் ஒருவர் வெளியே வந்து, பழங்கால வாகனச் சங்கத்தார் தந்த வயதுச் சான்றைப் பொறுமையாகப் படித்து, பிரேக்கையும் விளக்கையும் தாமே சோதித்துப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார். முதல் நான்கு முறை அலைந்த காலத்தில் என்னிடம் ஒருவர் வந்து, உடைப்புக்குப் போன சாதாரண ஏ.ஜே.எஸ். சாலை வண்டி ஒன்றின் புத்தகம் தம்மிடம் இருப்பதாகவும், என் சேஸிஸ் எண்ணைத் தேய்த்துவிட்டு அந்த எண்ணை வெட்டிக்கொண்டால் ஒரே வாரத்தில் ஓட்டலாம் என்றும் ஆசை காட்டினார். பலர் இதைச் செய்கிறார்கள்; செய்தவர்கள் அதைக் கெட்டிக்காரத்தனமாகவும் பேசுகிறார்கள். எண்ணை மாற்றுவது குற்றம். அதோடு, எந்தத் தொழிற்சாலையில் எந்த ஆண்டு பிறந்தது என்பதற்கு அந்த வண்டியிடம் இருக்கும் ஒரே சாட்சியை நாமே அழித்துவிடுகிறோம். நேர்வழியில் வருபவனை நான்கு முறை திருப்பி அனுப்புவதும் குறுக்குவழிக்காரருக்கே வாடிக்கையாளரைச் சேர்த்துக் கொடுக்கிறது என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பந்தய வண்டி சாலைக்கு அந்நியம் என்பது அந்த வாசகரின் வாதம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஐல் ஆஃப் மேன் தீவில் 1907-இல் நடந்த முதல் டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் சைலன்சரும் சேறு தடுக்கும் தகடும் மிதிக்கட்டையும் கொண்ட சாலை வண்டிகளையே அனுமதித்தார்கள். நம் ஊரை எடுத்துக்கொண்டால், 1913 முதல் 1936 வரை டர்பனுக்கும் ஜோஹானஸ்பர்க்குக்கும் இடையே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது நம் பாட்டன்மார் நடந்த பொதுச்சாலையில்தான். பொதுச்சாலையில் பந்தயம் கூடாது என்று அது நிறுத்தப்பட்டது. அந்தத் தடை சரியானது. ஆனால் 1970 முதல் அதன் நினைவாக, 1936-க்குள் செய்யப்பட்ட வண்டிகளை மட்டும் கொண்டு, வேகப் போட்டியாக அல்லாமல் குறித்த நேரக் கணக்கில் ஒரு நினைவு ஓட்டம் நடந்து வருகிறது. பழைய வண்டிகள் சட்டத்துக்குட்பட்டு, பதிவெண்ணோடு, மற்ற வாகனங்களின் நடுவே ஓட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

விபத்தைப் பற்றிய அவருடைய அச்சம் நியாயமானதே. பெட்ரோல் விலையிலேயே வரியாகச் சேரும் சாலை விபத்து நிதி, காயமடைந்தவருக்கு இழப்பீடு தரும். உடைந்த காருக்கோ இடிந்த மதிலுக்கோ தராது. அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். பதிவும் தகுதிச் சான்றும் இல்லாத வண்டிக்கு அந்தக் காப்பீடு கேட்டால் நிறுவனம் கைவிரித்துவிடும். என் அக்கா மகன் சென்ற ஆண்டு, “மாமா, ஒருநாள் எனக்குத் தாங்களேன்” என்று கேட்டான். அவனிடம் இருந்தது 125 சிசி வரைக்குமான உரிமம். பெரிய வண்டிக்கான உரிமம் எடுத்து வரும்வரை சாவி தர மாட்டேன் என்று சொல்லும் அளவுக்குக்கூட அந்த வண்டிக்குச் சாவி இல்லை. ஆகவே மேக்னெட்டோவின் மின்கம்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்த ஆண்டு அவன் முறைப்படி உரிமம் எடுத்துவிட்டான். முதலில் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வதையே அவனுக்கும் சொன்னேன்: 7ஆர் போன்ற தடத்துக்கென்றே பிறந்த வண்டியைத் தேடாமல், பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் போல, தொழிற்சாலையிலிருந்தே விளக்கோடும் உதைமிதியோடும் வந்து, வார இறுதியில் பந்தயத்துக்கும் போன வண்டியைத் தேடு. காகிதமும் பெரும்பாலும் கூடவே இருக்கும்.

சோதனை நிலையங்கள் பழைய வண்டிகளை அறிந்த அலுவலர் ஒருவரை மாதத்தில் ஒரு நாளாவது அமர்த்தி, அந்த நாளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் இதழ் எடுத்து எழுதினால் பலருக்கு உதவியாயிருக்கும். தடை கேட்டு எழுதிய அந்தச் சகோதரரையும் அழைக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் வண்டியைத் தெருச்சரிவில் உருட்டிக் கிளப்பி, பைன்டவுன் தாண்டிப் பழைய நெடுஞ்சாலை வழியே போத்தாஸ் ஹில் வரை போய், ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில் பனி விலகுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். எந்த வாரமானாலும் அவர் வந்து வாசலில் நின்று சத்தத்தைக் கேட்கலாம், காகிதங்களையும் பார்க்கலாம். காவடிக்கு முன் நோன்பிருக்கும் நாள்களில் மட்டும் வர வேண்டாம். அந்த நாள்களில் வண்டி போர்வைக்கடியில்தான் இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.