இமையைத் திருப்பப் பழக்கிவிட்டு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களின் ஓராண்டுப் பயிற்சியில் கண் பிரிவுக்குக் கிடைப்பது இரண்டே வாரம். அதிலும் பெரும்பகுதி கண்புரை நோயாளிகளின் கேஸ் ஷீட் எழுதுவதிலேயே கரைந்துபோகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவர்கள் புரை அறுவை செய்யப் போவதில்லை. அங்கே வரிசையில் நிற்பது சிவந்த கண், அடிபட்ட கண், சுண்ணாம்பு பட்ட கண். அதற்கான கைப்பழக்கத்தை இந்த இரண்டு வாரத்தில் கொடுத்தே ஆக வேண்டும்.

கண் சிவந்தாலே ‘மெட்ராஸ் ஐ’ என்று எழுதிவிடுகிறார்கள். பார்வையை அளக்காமல் எழுதுவதுதான் தப்பு. 6 மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டை, ஒவ்வொரு கண்ணாக. விரலால் மூடச் சொன்னால் இடுக்கு வழியே பார்ப்பார்கள்; உள்ளங்கையால், அழுத்தாமல் மூட வேண்டும். பார்வை குறைவாக இருந்தால் 1 மி.மீ. துளையிட்ட அட்டை வழியே பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான் தேவை. தெளியாவிட்டால் கண்ணிலேயே நோய் இருக்கலாம். சாதாரண மெட்ராஸ் ஐயில் பீளையைத் துடைத்தால் பார்வை நன்றாகவே இருக்கும். கண் சிவந்து, பார்வை மங்கி, தலைவலி, வாந்தியோடு வருபவருக்கு வெறும் வாந்தி ஊசி போட்டு அனுப்பக் கூடாது. டார்ச் அடித்தும் கண் பாப்பா சுருங்காமல் பாதி விரிந்தே நின்றால் அது திடீர் கண் அழுத்த நோய். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

சுண்ணாம்புதான் எங்களை அதிகம் வருத்துவது. குழந்தை பாக்கெட்டைப் பிதுக்கும்போது கண்ணில் தெறித்துவிடும். சுண்ணாம்பின் காரம் கருவிழியை ஊடுருவி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு மருந்து விட்டு, கட்டுப் போட்டு, ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்றால் அந்தப் பஸ் பயணத்திலேயே கண் போய்விடும். முதலில் மரத்துப்போகும் சொட்டு. பிறகு டிரிப் குழாய் வழியாகச் சலைன். குறைந்தது 30 நிமிடம், ஒரு லிட்டருக்குக் குறையாமல். சலைனைத் தேடி நேரம் போக்காமல், கிடைக்கும் வரை குழாய்த் தண்ணீரில் கழுவலாம். நடுவில் மேல் இமையைத் திருப்ப வேண்டும். கீழே பார்க்கச் சொல்லி, இமை முடியைப் பிடித்து, விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பஞ்சுக் குச்சியை வைத்து மடக்கினால் இமை திரும்பிவிடும். நோயாளி மேலே பார்த்தால் பழையபடி மடங்கிக்கொள்ளும். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைத் துணுக்குகளை ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்காமல் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் காரம் கசிந்துகொண்டேதான் இருக்கும். கழுவி முடித்து ஐந்து நிமிடம் கழித்து சிவப்பு லிட்மஸ் தாள் வைத்துப் பாருங்கள். நீலம் காட்டினால் திரும்பவும் கழுவ வேண்டும். கண்ணில் சிவப்பு இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். வெளுத்த கண்ணில் ரத்தக் குழாய்களே கருகியிருக்கலாம், அதுதான் மோசமான கண்.

அறுவடைக் காலத்தில் நெல் பட்ட கண் வரும். ஃப்ளோரசின் என்ற சாயம் தோய்ந்த தாளில் ஒரு சொட்டுச் சலைன் விட்டு, கீழ் இமையின் உள்பக்கம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழிப் புண் பச்சையாக ஒளிரும். அங்கே ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து எழுதவே கூடாது. இரண்டு நாள் வலியும் சிவப்பும் குறையும், நோயாளியும் மகிழ்வார். நெல்லோடு போன பூஞ்சை அதற்குள் ஆழமாக இறங்கிவிடும். மருந்துக் கடையில் ஏற்கெனவே வாங்கி விட்டுக்கொண்டாரா என்றும் கேளுங்கள்.

கண் பிரிவுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் உடன் பயில்பவரின் இமையைத் திருப்பிக் காட்டிய பிறகே பயிற்சி ஏட்டில் கையெழுத்துப் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் லிட்மஸ் தாள், ஃப்ளோரசின் தாள், மரத்துப்போகும் சொட்டு, நீல வடிகட்டி போட்ட டார்ச் நான்கையும் ஒரே டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை காலாவதித் தேதியைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கண் மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.