போட்டிக்காரிக்கும் சொல்லிக்கொடு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னைப் போலவே புத்தக வடிவமைப்பு செய்கிற ஒரு பெண், உன்னிடம் வந்து வேலை கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். “இத்தனை வருடம் கண் எரிய எரியப் பழகியதை ஒரே வாரத்தில் அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு என்னிடம் வருகிற பதிப்பாளர் அவளிடம் போய்விடுவாரே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்றாய். உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. மாதம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டியவள் நீ. மனம் பெரிதாக இருக்க வேண்டும் என்று உபதேசம் செய்து உன் கேள்வியை மூடிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொல்லிக்கொடு என்றுதான் சொல்வேன்.

முதலில் அந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் உன்னால் எதைக் கொடுத்துவிட முடியும்? எந்த எழுத்துருவுக்கு எவ்வளவு வரியிடைவெளி, கட்டும் பக்கத்தில் ஓரம் எவ்வளவு, எந்தத் தாளில் மை பரவும், இவற்றைச் சொல்லலாம். அவளும் எழுதிக்கொண்டு போவாள். ஒரு பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஏதோ இடிக்கிறது என்று உனக்குத் தோன்றுகிறதே, அதை எந்த நோட்டில் எழுதிக் கொடுப்பாய்? நான் லேத்தில் நின்ற காலத்தில், டூலுக்குச் சாணை பிடிக்கும் கோணத்தை யார் கேட்டாலும் சொல்வேன். அது கையேட்டிலேயே இருந்தது. ஆனால் வெட்டும் ஓசை மாறியதும், வெட்டில் வரும் இரும்புச் சுருளின் நிறம் மாறியதும், கை தானாக வேகத்தைக் குறைக்கிறதே, அதைச் சொல்ல எனக்குக் கடைசிவரை வார்த்தை கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களும் தங்கள் கையாலேயே சில இரும்புகளைப் பாழாக்கிய பிறகுதான்.

இதை ஒருவர் முறையாகவே ஆராய்ந்திருக்கிறார். ஹாரி காலின்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், 1970களின் தொடக்கத்தில், புதுவகை வாயு லேசர் ஒன்றைச் செய்ய முயன்ற ஆய்வகங்களைத் தொடர்ந்து கவனித்தார். அதன் செய்முறை ஆய்விதழ்களில் அச்சாகி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருந்தது. அச்சில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அந்த லேசரை இயங்கவைத்த ஆய்வகம் ஒன்றுகூட இல்லை. ஏற்கெனவே செய்து முடித்தவர்களோடு நேரில் பழகியவர்களுக்குத்தான் அது கைகூடியது. அவர்களிலும் எல்லோருக்கும் கைகூடவில்லை. இயற்பியலில் ஊறியவர்களுக்கே இந்தப் பாடு. உன் தொழில் ஒரு வாரத்தில் களவு போய்விடும் என்று நீ அஞ்ச வேண்டியதில்லை, அம்மா. அவளுக்குக் கிடைக்கப்போவது தொடங்குவதற்கு ஓர் இடம். அதற்கு மேல் வேண்டியதை அவளேதான் உழைத்துச் சேர்க்க வேண்டும்.

உனக்குக் கிடைக்கப்போவதையும் கணக்கில் எடுத்துக்கொள். நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் கல்விக்குப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கினாலும் கால் பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகும்போது இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். பாதியையே அங்கே வைத்தார்கள் பார். அந்தப் பெண் உன் அருகில் உட்கார்ந்து “இங்கே ஏன் இவ்வளவு இடம் விட்டீர்கள்?” என்று கேட்பாள். பல இடங்களில் உன்னிடம் நல்ல காரணம் இருக்கும், அதை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்வாய். சில இடங்களில் காரணமே இருக்காது, வெறும் பழக்கம் இருக்கும். எது காரணம், எது பழக்கம் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. புத்தகம் நேரத்துக்கு வந்ததா, பார்க்க நன்றாக இருக்கிறதா என்பது பதிப்பாளருக்குத் தெரியும். அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரி தனியாகத் தொங்காமல் இருக்க, அதற்கு முந்தைய பக்கங்களையெல்லாம் நீ நடுஇரவில் சரிசெய்தது அவருக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் எனக்கும்கூடத் தெரியாது. அதே வேலையில் அதே இடத்தில் தவித்தவளுக்குத்தான் தெரியும். பாம்பின் கால் பாம்பறியும். உன் வேலையின் அருமை தெரிந்தவர்களையெல்லாம் போட்டிக்காரர்கள் என்று தள்ளிவைத்துவிட்டால், உன்னை உண்மையாகப் பாராட்டவும் ஆளிருக்காது, உருப்படியாகக் குறை சொல்லவும் ஆளிருக்காது. தனி அறையில், கணினியும் நீயுமாக வேலை செய்கிறவளுக்கு இது சின்ன இழப்பில்லை. திறமையுள்ளவர்கள் தங்கள் துறைக்காரர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசுவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பசிதான் என்று நான் நம்புகிறேன்.

பயன் என்று பார்த்தாலும் வரலாற்றில் சாட்சி இருக்கிறது. நீராவி எந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டைப் பற்றி நீ சிறுமியாக இருந்தபோது சொல்லியிருக்கிறேன். அவருடைய காப்புரிமை 1800இல் முடிந்த பிறகு நடந்ததைச் சொன்னதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்ற பகுதி. செம்பும் வெள்ளீயமும் எடுக்கிற சுரங்கங்கள் அங்கே நிறைய. ஆழம் போகப் போக நீர் ஊறும். இறைக்க நீராவி எந்திரம் வேண்டும், எந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரியோ அங்கே கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். வாட்டும் அவருடைய கூட்டாளி போல்ட்டனும் தங்கள் எந்திரம் மிச்சப்படுத்திய எரிபொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை உரிமைத் தொகையாக வாங்கிவந்தார்கள். வேறு யாராவது எந்திரத்தை மேம்படுத்த வந்தால் வழக்குப் போட்டார்கள். அந்தக் காலம் முடிந்து, 1811இல் சுரங்க நிர்வாகிகள் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். ஜோயல் லீன் என்பவர் ஏற்பாட்டில் சேர்ந்த ஒவ்வொரு சுரங்கத்தின் எந்திரத்தையும் அளந்து மாதாமாதம் அறிக்கை வெளியிட வேண்டும். எந்திரத்தின் அளவு என்ன, பொறுப்பில் இருந்த பொறியாளர் யார், குறிப்பிட்ட அளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீரைத் தூக்கியது, எல்லாம் அச்சில் வந்தன. பக்கத்துச் சுரங்கத்தான் என்ன செய்தான், அதனால் என்ன ஆயிற்று என்பதை எல்லோரும் படித்தார்கள். ரிச்சர்ட் ட்ரெவிதிக் என்ற பொறியாளர் 1812இல் அங்கே நிறுவிய உயர் அழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை கேட்கவில்லை. மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள், செய்ததைத் திருத்தினார்கள், திருத்தியதும் அறிக்கையில் வந்தது. 1830களில் அங்கிருந்த மிகச் சிறந்த எந்திரங்கள், வாட் காலத்து எந்திரங்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேலாக, அதே நிலக்கரியில் வேலை செய்தன. தனி ஒருவரின் மூளையில் பிறந்த பாய்ச்சல் இல்லை அது. ஒருவர் வால்வைக் கொஞ்சம் மாற்றினார், இன்னொருவர் உருளைக்கு வெப்பக் காப்பு போட்டார், வேறொருவர் அழுத்தத்தைக் கூட்டினார். அடுத்தவர் செய்ததன்மேல் ஏறி நின்று செய்தார்கள்.

அந்தப் பொறியாளர்கள் எல்லோரும் துறவிகள் என்று நினைத்துவிடாதே. அறிக்கையில் பெயர் மேலே வந்தவரை அடுத்த சுரங்கம் கூப்பிட்டு வேலை கொடுத்தது. தெரிந்ததை மூடிவைத்தவரைக் கூப்பிட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. சுரங்கங்களில் பணம் போட்டவர்களும் பெரும்பாலும் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் கண்டது எல்லா இடத்துக்கும் பரவினால் அவர்களுக்கும் ஆதாயம். தன்னலமும் தாராளமும் ஒரே கதவு வழியாக வரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூடிவைத்ததன் விலையையும் சொல்லிவிடுகிறேன். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சேம்பர்லென் என்ற மருத்துவக் குடும்பம், சிக்கலான பிரசவத்தில் குழந்தையை உயிரோடு வெளியே எடுக்க உதவும் இடுக்கியைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததை வெளியே சொல்லவில்லை. கருவியை வேலைப்பாடு மிகுந்த பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார்களாம், பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் கண்களையும் கட்டிவிடுவார்களாம். நூறு ஆண்டுக்கும் மேலாக அந்தக் குடும்பம் ரகசியத்தைக் காப்பாற்றியது. 1813இல் எஸ்ஸெக்ஸ் பகுதியில் அவர்கள் வாழ்ந்த ஒரு வீட்டின் தரைப் பலகைக்கு அடியில் அந்தக் கருவிகள் கிடைத்தன. அந்த நூறாண்டில், அடுத்த தெரு மருத்துவச்சியின் கையில் அது இல்லாததால் போன உயிர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. நீ செய்வது உயிர் காக்கும் வேலை இல்லைதான். ஆனால் மறைத்துவைத்த திறமை மறைத்தவரோடு முடங்கிப்போவது எல்லாத் தொழிலுக்கும் பொது.

சரி, கொடுத்துக் கெட்டவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். இத்தாலியில் தார்த்தாக்லியா என்ற கணித அறிஞர் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைக் கண்டிருந்தார். அந்தக் காலத்தில் கணித அறிஞர்கள் ஒருவரை ஒருவர் பொதுவெளியில் கணக்குப் போட்டிக்கு அழைப்பார்கள், தோற்றால் பிழைப்பே போய்விடலாம். அதனால் எல்லோரும் வழியை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1539இல் கார்தானோ என்ற இன்னொரு கணித அறிஞர் கெஞ்சிக் கேட்டு, வெளியிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, அவரிடம் அதைப் பெற்றார். 1545இல் தன் நூலில் வெளியிட்டுவிட்டார். அதே வழியை அதற்கு முன்பே வேறொருவர் கண்டிருந்ததற்கு ஆதாரம் கிடைத்தது என்பது கார்தானோவின் நியாயம். தார்த்தாக்லியாவின் பெயரையும் அவர் குறிப்பிட்டிருந்தார். ஆனால் தார்த்தாக்லியாவின் மனம் ஆறவில்லை. இன்றும் அந்தச் சூத்திரத்துக்குப் பொதுவாக வழங்குவது கார்தானோவின் பெயர்தான். அறிவு பரவியது நல்லது, வாக்குத் தவறியது தவறு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதனால்தான், கொடுப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. எரிக் வான் ஹிப்பெல் என்ற ஆய்வாளர் 1980களில் அமெரிக்காவின் சிறிய எஃகு ஆலைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்றுக்கொன்று போட்டியான ஆலைகளின் பொறியாளர்கள் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துச் சந்தேகம் கேட்டார்கள், பதிலும் பெற்றார்கள். சில நேரம் போட்டி ஆலையின் ஆட்களுக்குத் தங்கள் ஆலையிலேயே பயிற்சியும் கொடுத்தார்கள். இன்று நான் சொன்னால் நாளை எனக்கு நீ சொல்ல வேண்டும் என்பது பேசாமலே புரிந்த ஒப்பந்தம். வாங்கிக்கொண்டே இருந்து, திருப்பிச் சொல்லாதவருக்கு அடுத்த அழைப்பில் பதில் கிடைப்பது கடினம். அதே ஆய்வாளர் பின்னர் எம்மனுவேல் ஃபோஷாருடன் சேர்ந்து பிரான்சின் பெயர்பெற்ற சமையற்கலைஞர்களை ஆராய்ந்தார். அவர்களுக்குள்ளும் எழுதாத விதிகள் இருந்தன. ஒருவருடைய செய்முறையை அப்படியே நகலெடுக்கக் கூடாது. நம்பிச் சொன்னதை அனுமதியில்லாமல் மூன்றாவது ஆளிடம் சொல்லக் கூடாது. யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும். மீறியவரிடம் சக கலைஞர்கள் அடுத்தமுறை வாய் திறப்பதில்லை. சட்டம் இல்லாமலே நடக்கிற காவல் இது.

உன் தொழிலுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பதிப்பாளர்களில் பலருக்கு நல்ல வடிவமைப்புக்கும் ஒப்பேற்றிய வேலைக்கும் வேறுபாடு உடனே தெரியாது. அரைகுறையாகக் கற்றவர் பாதிக் கூலிக்கு வேலை எடுத்தால், கூலியே அவ்வளவுதான் என்று ஆகிவிடும். அந்தப் பெண் ஒழுங்காகக் கற்றால் ஒழுங்கான கூலி கேட்பாள். உன்னால் எடுக்க முடியாத வேலையை நம்பி அனுப்பவும் ஆள் கிடைக்கும். என்னிடம் மரை வெட்டக் கற்ற ஒருவர் பிறகு தனிப் பட்டறை வைத்தார். அவரால் செய்ய முடியாத வேலை எனக்கு வந்தது, என்னால் ஏற்க முடியாதது அவருக்குப் போனது. எங்களுக்குள் அதற்காக ஒரு கணக்கும் இருந்ததில்லை.

இனி, எதைக் கொடுக்கக் கூடாது என்பது. எழுத்தாளர் உன்னை நம்பித் தந்த, இன்னும் வெளிவராத கைப்பிரதியைக் காட்டாதே. பதிப்பாளர் உன்னிடம் மனம்விட்டுச் சொன்ன பணக் கணக்கைச் சொல்லாதே. அவை உன்னுடையவை அல்ல, தானம் செய்ய உனக்கு உரிமை இல்லை. கோப்புகளை மட்டும் அனுப்பிவையுங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னால், மறுத்துவிடு. வந்து உட்கார்ந்து கற்கத் தயாராக இல்லாதவளுக்கு வேண்டியது முடித்த வேலை, திறமை அல்ல. உன் நேரத்துக்குக் கட்டணம் கேட்கத் தோன்றினால் தயங்காமல் கேள். சொல்லிக்கொடுப்பதும் உழைப்புதான்.

அவள் வரும்போது அச்சாகி முடிந்த அழகான புத்தகங்களை எடுத்துப் பரப்பாதே. பாதியில் நின்று உன் உயிரை வாங்குகிற வேலை ஒன்று இருக்குமே, அட்டவணைகள் நிறைந்த அந்தப் புத்தகம், அதைத் திறந்துவை. நீ எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று சொல். அவள் என்ன செய்வாள் என்று கேள். அந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அவள் எப்படிப்பட்டவள் என்பது உனக்குத் தெரிந்துவிடும். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா