மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஒரு பழைய மிஸியின் (நர்ஸின்) திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன மாதம் எங்கள் தோட்டத்தில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வரவில்லை என்றால் உங்கள் கிளினிக் கவுண்டரில் விசாரியுங்கள். அங்கேதான் ஆரம்பித்தது.

ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண், 22 வயது. நாள் தள்ளிப்போய் மூன்று வாரம் ஆனதும், கர்ப்பத்தைக் கலைக்க முடியுமா என்று உங்களிடம் கேட்கத்தான் முதலில் வந்தாள். "கல்யாண சர்ட்டிபிகேட் இருக்கா?" என்று, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார்கள். பின்னால் நின்றவர் அவள் பெரியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். அப்படியே திரும்பிவிட்டாள். மறுநாளே டெலிகிராமில் ஒருவனிடம் கருக்கலைப்பு மாத்திரைக்கு 350 வெள்ளி கட்டினாள். அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. பிளாஸ்டிக் பையில் வெறும் மாத்திரை வந்தது.

31 வருடம் மிஸியாக வேலை பார்த்தவள் நான். எனக்கு மாத்திரை மேல் கோபமில்லை. மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம்: உலக சுகாதார நிறுவனமே சொல்லும் முறை. 2005 முதல் அதன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இவை இருக்கின்றன. ஆனால் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. எத்தனை வாரம், கர்ப்பம் தடுக்கக் கருப்பையில் லூப் போட்டிருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாளா, நாள்பட்ட ஸ்டீராய்டு உண்டா, ரத்தசோகை எவ்வளவு. டெலிகிராம்காரன் கேட்டது ஒன்றுதான்: பணம் போட்டாச்சா?

இவளுக்குக் கரு கருப்பையில் இல்லை, கருக்குழாயில் தங்கியிருந்தது. அங்கே இந்த மாத்திரை வேலை செய்யாது. வயிறு வலிக்கும், ரத்தம் போகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். குழாய் வெடிக்கும்போதும் அதேதான் நடக்கும். மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். விடியற்காலையில் தோள்பட்டை வலிக்கிறது என்றாள். அம்மா கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தோளில் வலி வரும் என்று அந்த அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? அவள் மயங்கி விழுந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியின் மைவி காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் தப்பியது. ஒரு குழாய் போய்விட்டது.

முதல் நாள் நீங்கள் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால்?

சட்டம் தடுக்கிறது என்று சொல்லாதீர்கள். மலேசியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவை 1989இல் திருத்தினார்கள். கர்ப்பம் தொடர்வது, கலைப்பதைவிட அதிகமாகத் தாயின் உயிரையோ உடல், மன நலத்தையோ பாதிக்கும் என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு முடிவு செய்தால் கலைக்கலாம். அந்த விலக்கில் புருஷன் என்ற சொல்லே கிடையாது. கலைப்பதா வேண்டாமா என்பது அப்புறம். கேட்டு வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள், முதலில் ஸ்கேன் எடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

டெங்கிக் கொசுவுக்கு நாலு மொழியில் போஸ்டர் ஒட்டத் தெரிகிறது. கொசுவுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதி எங்கள் பெண்களுக்குக் கிடைக்காதா? தோட்டத்தை விற்றபோது டிஸ்பென்சரியையும் மூடினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. தீபாவளிக்கு மட்டும் அரசியல்வாதிகள் பரிசுக்கூடை ஹாம்பரோடு வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். சரி, அது உங்கள் இலாகா இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

பணிவோடுதான் கேட்கிறேன். வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள். எங்கேயோ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் திட்டாமல் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்து ரத்தத்தில் நனைந்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, தோள் வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லித் தமிழில் ஒரு தாள் அடித்துக் கொடுங்கள். கேள்விகளைக் கவுண்டரில் வேண்டாம், கதவுள்ள அறையில் கேளுங்கள்.

அறை இல்லை என்பீர்கள். மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் பழைய ஃபைல் அடுக்கி வைத்திருக்கும் அறை எனக்குத் தெரியும். காலி செய்ய ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் தோட்டத்துப் பையன்களை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மிஸி